‘தாய் நன்றாகத்தானே இருக்கிறார்?’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஸாவிலும் சூடானிலும் பட்டினியால் மெலிந்த குழந்தைகளின் படம் அச்சாகும்போதெல்லாம், ‘பக்கத்தில் இருக்கும் தாய் நன்றாகத்தானே இருக்கிறார், பிறகு எப்படிப் பட்டினி?’ என்ற கேள்வியும் பின்னாலேயே வந்துவிடுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. படத்தில் எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கிலோ எடைக்கு என்று கணக்கிட்டால், ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டிய கலோரி பெரியவருக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உடலில் சேமிப்போ சொற்பம். நடுவில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்தால் சில வாரங்களில் விலா எலும்பு தெரிந்துவிடும். அதே கூடாரத்தில் இருக்கும் தாயிடம் அந்த மெலிவு தெரிய மாதக்கணக்கில் ஆகலாம்.

2025 ஜூலையில் காஸாக் குழந்தை ஒன்றின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதற்கு வேறு உடல்நலக் கோளாறும் உண்டு என்று தெரிந்ததும், ‘பார்த்தீர்களா, பொய்!’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. உணவு தடைபட்டால் முதலில் சரிவது, விழுங்கச் சிரமப்பட்டுச் சிறப்பு உணவை நம்பியிருக்கும் இத்தகைய குழந்தைகள்தானே? அடுத்த மாதமே, ஆகஸ்ட் 22 அன்று, காஸா நகரை உள்ளடக்கிய மாவட்டத்தில் பஞ்சம் என்று ஐபிசி என்னும் உணவுப் பாதுகாப்பு வகைப்பாட்டு அமைப்பு உறுதிசெய்தது.

இன்னொன்று: ஆபத்தில் இருக்கும் குழந்தை எப்போதும் ஒல்லியாகத் தெரியாது. சில குழந்தைகளுக்கு முகமும் காலும் நீர்கோத்து வீங்கிவிடும். படத்தில் கொழுகொழுவென்று தோன்றும். அதனால்தான் களப்பணியாளர் இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்கிறார். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுதான். மற்றபடி அளவுகோல், மேல்கையின் நடுவில் சுற்றும் வண்ண நாடா. 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு.

சந்தேகப்படாமல் இரக்கப்படுபவர்களும் ஒரு இடத்தில் தவறுகிறார்கள்: ‘பால்பவுடர் அனுப்பலாமே, வயிறு நிறையச் சோறு போடலாமே’ என்கிறார்கள். சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்க எரிபொருளும் இல்லாத இடத்தில் பால்பவுடர் வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். உடல் ஒடுங்கிக் கிடக்கும் குழந்தைக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால், இன்சுலின் சுரந்து ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், இதயம் நின்றுபோகலாம். எனவே சிக்கலான நிலையில் வரும் குழந்தைக்கு முதல் சில நாட்கள் எஃப்-75 என்ற சிகிச்சைப் பாலை (100 மில்லிக்கு 75 கலோரி) இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். ரத்தசோகை கண்ணுக்குத் தெரிந்தாலும் அப்போது இரும்புச்சத்து மருந்து கிடையாது. அது தொற்றை மோசமாக்கும். பசி எடுக்கும், வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்குச் சிகிச்சைக்கென்றே தயாரித்த நிலக்கடலைப் பசைப் பொட்டலம் போதும்: ஒன்று 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், வீட்டிலேயே ஊட்டலாம்.

அந்தப் பொட்டலம் எல்லை தாண்டி உள்ளே போக வேண்டுமே. பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதை 2018இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2417ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. அப்படியிருந்தும் பெரும்பாலான படங்களில் குழந்தை மட்டும் இருக்கிறது, லாரியை யார் நிறுத்தினார்கள் என்பது இல்லை. 1984 எத்தியோப்பியப் பஞ்சத்தை இன்றும் பலர் வெறும் வறட்சியாகவே நினைவில் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். அங்கே உள்நாட்டுப் போரும் நடந்துகொண்டிருந்தது.

‘பஞ்சம் என்று அறிவிக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்பவர்கள் சோமாலியாவைப் பார்க்கட்டும். 2011 ஜூலையில் அங்கே பஞ்சம் அறிவிக்கப்பட்டது. இறந்த சுமார் 2,60,000 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

ஆகவே படத்துக்குக் கீழே நான்கு வரி கூடுதலாகப் போடுங்கள்: எடுத்த தேதி, இடம், குழந்தையின் வயது, தெரிந்தால் கைச் சுற்றளவு. வேறு நோய் இருந்தால் அதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். பின்னால் திருத்தம் போட்டால் சந்தேகத்துக்குத்தான் தீனி. பெற்றோர் சம்மதித்தாலும் முழுப்பெயரும் முகாமின் பெயரும் ஒன்றாக வேண்டாம். இரு தரப்பு ஆயுதக்காரர்களும் பத்திரிகை படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஊட்டச்சத்துத் துறை வாசகர் ஒருவர்