பீட்ரூட் ஜூஸுக்கு முன்னால் ஒரு கேள்வி: உணவுக் குறிப்பு சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாதவிடாயின்போது உதிரப்போக்கு அதிகமாக இருக்கும் பெண்கள் என்ன சாப்பிடலாம் என்று எழுதுகிற, பேசுகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் ஊட்டச்சத்து படித்தவர்கள் உண்டு, அனுபவத்தில் சொல்பவர்கள் உண்டு, யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்பவர்களும் உண்டு. உங்கள் குறிப்புகளை ஆறு வருடம் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பீட்ரூட் ஜூஸ் குடித்தேன். மாதுளையை உரித்து உரித்து விரல் நகம் கறுத்தது. கீரை இல்லாத நாள் இல்லை. இவற்றில் எதன் மீதும் எனக்குக் கோபம் இல்லை, பீட்ரூட்டைத் தவிர. ஆனால் மாதம் தவறாமல் இரண்டாம் நாள் வரும். இரண்டு பேட் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மாற்றுவேன். உட்கார்ந்த நாற்காலியை எழுந்ததும் திரும்பிப் பார்ப்பது பழக்கமாகவே ஆகிவிட்டது. கட்டி கட்டியாகப் போகும். இதெல்லாம் எனக்கு இயல்பு என்றுதான் நினைத்திருந்தேன். ஏனென்றால் உங்களில் ஒருவர்கூட, 'உனக்கு எவ்வளவு போகிறது?' என்று முதலில் கேட்கவில்லை. என்ன சாப்பிட வேண்டும் என்றுதான் நேராக ஆரம்பித்தீர்கள்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் கண்ணைத் திறந்தது இந்தக் கணக்குதான்.

சாதாரணமாக ஒரு மாதவிடாயில் போகிற ரத்தம் 30 முதல் 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்கிற அளவுகோல், 1966-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்துப் பெண்களிடம் ஹால்பெர்க் குழுவினர் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. ரத்தசோகை இல்லாத உடம்பில் ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் முழுக்கப் பிரித்தால் நாளுக்கு 1.3 மில்லிகிராம். தோலிலும் குடலிலும் உதிரும் செல்களோடு எல்லோருக்கும் தினமும் போகிற சுமார் ஒரு மில்லிகிராம் இதற்கு மேல் தனி. இப்போது 160 மில்லி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கிட்டத்தட்ட 3.7 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் சேர வேண்டும்.

சேர வேண்டும் என்றால் ரத்தத்தில் சேர வேண்டும். தட்டில் இருப்பதெல்லாம் ரத்தத்துக்குப் போவதில்லை. கலந்து சாப்பிடும் உணவில் உள்ள இரும்பில் பத்துக்கு ஒன்றோ, ஒன்றரையோதான் உள்ளே போகும். இருப்பு குறையக் குறைய உடம்பும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொள்ளும், உண்மைதான். அப்படியும் 15 சதவீதம் என்று கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம் இரும்பு உள்ள சாப்பாடு வேண்டும். 100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு சுமார் 0.8 மில்லிகிராம். மாதுளையில் அதுவும் இல்லை, 0.3 தான். பீட்ரூட்டை மட்டும் நம்பினால் தினமும் மூன்று கிலோ தின்ன வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற்றும் என்று நம்புவதற்கு, காரட் தின்றால் தோல் தங்கமாகும் என்றே நம்பிவிடலாம்.

உணவால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உணவு செய்கிற வேலை ஒன்று, அதன் பேரில் நீங்கள் கொடுக்கிற வாக்குறுதி வேறொன்று. போன இரும்பை ஈடுகட்ட உணவு உதவும். போகிற ரத்தத்தை நிறுத்த, பெரும்பாலானவர்களுக்கு, அதனால் ஆகாது. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்புகிறீர்கள். ஈடுகட்டும் வேலையையாவது ஒழுங்காகச் சொல்லித் தருகிறீர்களா என்றால், அதுவும் அரைகுறைதான்.

இறைச்சி, ஈரல், மீன் இவற்றில் உள்ள ஹீம் இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் சேரும். பருப்பு, பயறு, கீரை, தானியத்தில் உள்ளது வேறு வகை, அதில் 2 முதல் 20 சதவீதம் வரைதான். அந்த 2 எப்படி 20 ஆகிறது என்பதில்தான் சமையலறையின் சூட்சுமம் இருக்கிறது. வேகவைத்த பயறின் மேல் எலுமிச்சை பிழிந்தாலோ, கூடவே கொய்யா, ஆரஞ்சு, குடைமிளகாய் மாதிரி வைட்டமின் சி உள்ள ஏதாவது சாப்பிட்டாலோ சேர்மானம் கூடும். கொஞ்சம் இறைச்சியோ மீனோ பக்கத்தில் இருந்தாலும் பயறின் இரும்பு நன்றாகச் சேரும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் தானியத்திலும் பயறிலும் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். புளிப்புள்ள குழம்பை வார்ப்பிரும்புச் சட்டியில் கொதிக்கவிட்டால், சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும். ஆனால் சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் இவ்வளவு பாடும் பாதி வீண். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமலே எனக்குக் கீரை பற்றி மட்டும் எத்தனை குறிப்பு கொடுத்திருக்கிறீர்கள்! கீரையோடு சேர்ந்தே நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஈரலைப் பரிந்துரைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இரும்போடு வைட்டமின் ஏ-யும் ஏராளம். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் தவிர்க்க வேண்டிய உணவு அது. அந்த ஒரு வரியைச் சேர்க்க இடமா இல்லை? அதே மாதிரி, இரும்பு மட்டும் இருந்தால் ரத்தம் ஊறாது. ஃபோலேட்டும் பி12-ம் வேண்டும். இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடாதவர்களுக்கு பி12 மாத்திரையோ, அது சேர்த்த உணவோ கட்டாயம்.

உதிரப்போக்கையே குறைக்க உணவு கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. சினைமுட்டை சரியாக வெளிவராத பெண்களுக்கு, பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறு உள்ளவர்களை உதாரணமாகச் சொல்லலாம், புரொஜெஸ்ட்ரோன் என்கிற ஹார்மோன் சரியாகச் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்கிற இன்னொரு ஹார்மோன் மட்டும் வேலை செய்ய, கர்ப்பப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கொட்டித் தீர்க்கும். உடம்பில் கொழுப்பு அதிகமானால் அந்தத் திசுவும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். இப்படிப்பட்டவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சினைமுட்டை திரும்ப வெளிவரத் தொடங்கும், சுழற்சி சீராகும். இது நிஜமான பலன். ஆனால் இந்தப் பலனை எல்லோருக்கும் விற்காதீர்கள். பட்டினி கிடந்து சட்டென்று எடையைக் குறைத்தால், சினைமுட்டை வருவதே நின்றுபோகவும் கூடும்.

அப்புறம், உதிரப்போக்கை நிறுத்தும் என்று நீங்கள் சொல்கிற இந்த வைட்டமின் கே. ரத்தம் உறைய அது வேண்டும் என்பது உண்மை. ஆனால் நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவருக்கு அதில் குறைபாடு வருவது அபூர்வம், தேவைக்கு மேல் தின்பதால் ரத்தம் கூடுதலாக உறையவும் போவதில்லை. இஞ்சி பற்றிச் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, வலிக்குக் கேட்கிறது என்பார்கள். டீயில் தட்டிப் போட்டுக் குடிக்கட்டும், நல்லது. மருந்தாக்கிவிட வேண்டாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வருடம் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் 12.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை, எனவே 'நார்மல், நல்லாச் சாப்பிடுங்க' என்று அனுப்பிவிட்டார் மருத்துவர். அந்தச் சமயத்தில் நான் ஐஸ்கட்டி கடித்துத் தின்றுகொண்டிருந்தேன். ஆசைக்கு ஒன்றிரண்டு என்று நினைக்காதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு தட்டு. ஃப்ரீசர் சத்தம் கேட்டாலே வீட்டில் சிரிப்பார்கள். படுத்தால் கால் சும்மா இருக்காது, முடி கொத்துக் கொத்தாக வந்தது. இவை மூன்றும் இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளங்களாக இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினை யாரும் பார்க்கவும் இல்லை. ஆறாம் வருடம் வேறொருவர் பார்க்கச் சொன்னபோது அது 6. 15-க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம், 30-லேயே கவனிக்க வேண்டும் என்கிற மருத்துவர்களும் நிறையப் பேர். ஹீமோகுளோபின் அதற்குள் 8.9-க்கு வந்திருந்தது. கிடங்கு காலியான பிறகுதான் கடையில் சரக்கு குறையும். கடையை மட்டும் பார்த்து எல்லாம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உட்பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு ஃபைப்ராய்டு, அதாவது புற்றுநோய் அல்லாத தசைக்கட்டி. அளவு பெரிதில்லை, ஆனால் இருந்த இடம் அப்படி. எந்தக் கீரையும் அதைக் கரைத்திருக்காது.

காரணம் இது ஒன்றுதான் என்றில்லை. பாலிப் என்கிற சதை வளர்ச்சி, கர்ப்பப்பையின் உட்படலம் அதன் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸ், தைராய்டு குறைவு, ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், காப்பர்-டி, இன்னும் எத்தனையோ. பிறவியிலேயே ரத்தம் உறைவதில் கோளாறு இருப்பவர்களும் உண்டு. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-ல் அப்படி ஒரு நோயை விவரித்தார், இன்று அவர் பெயராலேயே அது அறியப்படுகிறது. அவரிடம் கொண்டுவரப்பட்ட சிறுமிக்கு அப்போது ஐந்து வயது, ஆலந்து தீவுகளைச் சேர்ந்தவள். பதிமூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போகிறது, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறது, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது, பல் பிடுங்கினால் நிற்க மாட்டேன் என்கிறது என்று ஒரு பெண் உங்களிடம் சொன்னால், தயவுசெய்து சத்துமாவு செய்முறையை எடுத்து நீட்டாதீர்கள்.

நிறுத்துவதற்கு வழி இல்லாமலும் இல்லை. கர்ப்பப்பையின் உட்படலத்தில் உறைந்த ரத்தம் கரைந்துகொண்டே இருக்கும், அதிக உதிரப்போக்கு உள்ள பலருக்கு இந்தக் கரைதல் வேகமாக நடக்கும். அதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 1962-ல் ஜப்பானில் கண்டுபிடித்தவர்கள் உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதியர். உதிரம் போகிற நாட்களில் மட்டும் சாப்பிடும் மாத்திரை, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைக்கும். கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. அதனால் மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். ஹார்மோன் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனம் இன்னும் அதிகமாகக் குறைக்கும். எனக்கு ஃபைப்ராய்டை வயிற்றில் கத்தி வைக்காமலேயே எடுத்தார்கள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? குறிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் வரியில் செய்முறைக்குப் பதிலாக நான்கு கேள்விகள் போடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா? இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய கட்டிகள் போகின்றனவா? எட்டு நாளைத் தாண்டுகிறதா? இந்த நாட்களுக்குப் பயந்து வேலையை, பயணத்தை, தூக்கத்தை மாற்றிவைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், காரணம் தேடச் சொல்லுங்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது தலை சுற்றி மயக்கம் வந்தால், அன்றைக்கே மருத்துவமனை. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் வந்தால், ஒரு சொட்டானாலும் காட்ட வேண்டும்.

இரும்பு மாத்திரை தேவைப்படுகிறவர்களைச் 'செயற்கை' என்று பயமுறுத்தாதீர்கள். ஃபெரிட்டின் 6-ல் இருக்கும் ஒருத்தி சாப்பாட்டை மட்டும் வைத்து மேலே ஏறிவர எத்தனை வருடமாகும் என்று மேலே போட்ட கணக்கே சொல்லும். மாத்திரை வயிற்றைப் படுத்துகிறது என்பவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கட்டும். ஒரு வேளை இரும்பு போனதும் ஹெப்சிடின் என்கிற ஹார்மோன் ஏறி, அடுத்த வேளையைக் குடல் முழுதாக ஏற்க விடாது. அதனால் இடைவெளி விடுவது சேர்மானத்துக்கும் நல்லது. ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடக் கூடாது, கிடங்கு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.

என் கதையின் மிச்சம் கொஞ்சம்தான். உதிரப்போக்கு குறைந்து, எட்டு மாதம் மாத்திரையும் சாப்பிட்ட பிறகு ஃபெரிட்டின் 48. இப்போது மாத்திரை இல்லை. பயறு, எலுமிச்சை, முட்டை, எப்போதாவது இறைச்சி, தள்ளிக் குடிக்கிற டீ, அவ்வளவுதான். இரண்டு வருடமாக ஃபெரிட்டின் இறங்கவில்லை. நீங்கள் சொன்ன அதே உணவுதான், இப்போது அதனால் செய்ய முடிகிற வேலையைச் செய்கிறது. ஐஸ் தின்பது எந்த நாளில் நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை. தட்டு காலியாகவில்லையே என்று வீட்டில்தான் முதலில் கவனித்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளை இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி