கேப்டன் வேண்டாம் என்ற பதவி

ஆசிரியருக்கு வணக்கம்.

2022 டிசம்பரில், முறுக்கேறிய உடம்போடு சூப்பர்ஹீரோ உடையில் டிரம்ப் நிற்கும் டிஜிட்டல் அட்டைகள் ஒவ்வொன்றும் 99 டாலருக்கு விற்பனைக்கு வந்தன. சிரிப்பாக இருந்தாலும், அதிபர் தேர்தலில் அமெரிக்கர்கள் மீட்பரைத் தேடும் பழக்கம் எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் சொந்தமானதல்ல. இதற்கு காமிக்ஸைக் குறை சொல்பவர்கள் அவற்றைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

காமிக்ஸ் நாயகன் கேப்டன் அமெரிக்கா, தன் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டது, அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே. வரைந்த ஜாக் கிர்பியும் ஜோ சைமனும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தக் குத்து அன்று எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. அதே கேப்டனை 1980இல் வெளியான 250ஆம் இதழில் ஒரு கட்சி அதிபர் வேட்பாளராக நிற்க அழைக்கிறது. அவர் மறுக்கிறார். கனவைக் காப்பது தன் வேலை, அதிபரோ நடைமுறையோடு சமரசம் செய்தாக வேண்டியவர் என்பது அவர் வாதம். இந்தத் தெளிவு நிஜ வேட்பாளர்கள் எத்தனை பேருக்கு உண்டு?

மாறாக, சூப்பர்மேனின் பரம எதிரியான தொழிலதிபர் லெக்ஸ் லூதர் 2000ஆம் ஆண்டுக் கதையில் தேர்தலில் நின்று, வென்று, வெள்ளை மாளிகைக்கே போய்விடுகிறான். அவனைப் பதவியில் அமர்த்தியது கதிர்த் துப்பாக்கியோ இயந்திர மனிதர்களோ அல்ல, வாக்காளர்கள்தான்.

இப்படிக்கு,
பழைய காமிக்ஸ் வாசகர் ஒருவர்