துணி மறுசுழற்சி, கொள்முதல் ஒப்பந்தத்திலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறுசுழற்சி பாலியஸ்டர் என்று சீட்டு ஒட்டி விற்கப்படும் ஆடைகளில் ஏறக்குறைய அனைத்தும் பெட் (PET) எனும் பிளாஸ்டிக்கால் ஆன பாட்டில்களை உருக்கி எடுத்த இழையால் ஆனவை. பழைய துணியிலிருந்து வந்தவை அல்ல. பாட்டிலாகவே இருந்திருந்தால் மறுபடியும் பாட்டிலாகியிருக்கக்கூடிய அந்தப் பொருள், துணியான பிறகு பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ எரியுலைக்கோதான் போய்ச் சேருகிறது. ஆடைத் தயாரிப்புக்குச் செல்லும் மூலப்பொருளில் மீண்டும் ஆடையாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று, பொருள்களை வீசி எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை வலியுறுத்தும் எலன் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

இதற்கு முதல் காரணம் கலப்பு. பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே நூலில் முறுக்கப்பட்டுவிட்டால் அவற்றைப் பிரிக்க ரசாயன முறைதான் வேண்டும். முழுப் பருத்தி என்று நாம் நம்பி வாங்கும் சட்டையையே தையல் பிரித்துப் பார்த்தால், தைத்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும். கழுத்துப் பட்டைச் சீட்டும் செயற்கை இழையாகவே இருக்கும். நீட்சிக்காகச் சில விழுக்காடு மட்டுமே சேர்க்கும் ஸ்பாண்டெக்ஸ்கூட துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் இயந்திரத்தில் சிக்கலை உண்டாக்குகிறது. அப்படிக் கிழிக்கும்போது பருத்தி இழை குட்டையாகிவிடுவதால், புதுப் பஞ்சைச் சேர்க்காமல் உறுதியான மென்னூல் நூற்பது கடினம். பருத்தியைக் கரைத்துக் கூழாக்கி விஸ்கோஸ், லையோசெல் போன்ற இழைகளாக மீட்கும் முறையில் இந்தக் குறை இல்லை. பலமுறை வெளுத்து நைந்த துணியும் அதற்கு உதவும். ஆனால் உள்ளே போவது பெரும்பாலும் ஒரே வகை இழையாக இருக்க வேண்டும்.

தொழில்நுட்பம் மட்டும் போதாது என்பதற்கு ஸ்வீடனின் ரீநியூசெல் நிறுவனமே சான்று. பழைய பருத்தித் துணியிலிருந்து கூழ் தயாரிக்க 2022-இல் சுண்ட்ஸ்வால் நகரில் பெரிய ஆலையைத் திறந்த அந்த நிறுவனம், போதிய ஆர்டர் இல்லாமல் 2024 பிப்ரவரியில் திவாலானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் பழைய துணியைத் தனியே சேகரிப்பது கட்டாயமாகியுள்ளது, வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் சேகரித்ததை வாங்க ஆள் இல்லையென்றால் கிடங்குதான் நிறையும்.

ஆகவே, துணி மறுசுழற்சியை மருத்துவமனை விரிப்புகள், விடுதித் துண்டுகள், தொழிலாளர் சீருடைகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே சரி என்று உறுதியாக நம்புகிறேன். இவை மொத்தமாக வாங்கப்படுபவை. ஒரே சலவைக்கூடத்துக்குத் திரும்பத் திரும்ப வருபவை. எந்த இழையால் ஆனவை என்பது கொள்முதல் கோப்பிலேயே இருக்கும். வீடுவீடாகச் சேகரித்த துணிமூட்டையில் இந்த மூன்றுமே கிடையாது. கலப்புத் துணி சீக்கிரம் உலரும், அதிக சலவை தாங்கும் என்று சலவைக்கூடத்தார் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த ஆதாயத்தைக் கணக்கிடும்போது, கழிக்கப்பட்ட துணியை அப்புறப்படுத்தும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே, துணியும் தையல் நூலும் ஒரே வகை இழையாக இருக்க வேண்டும் என்றும், கழிக்கப்பட்டதை விற்றவரே திரும்பப் பெற வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கலாம். அதோடு, பழைய துணியிலிருந்து மீட்ட இழையில் குறிப்பிட்ட அளவைச் சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வாங்குவதாக எழுத்தில் உறுதி தந்தால், அதைக் காட்டி ஆலைகள் வங்கிக் கடன் பெற முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்