3 கடல் மைல் தடை எல்லையைத் தீவுக்கரையிலிருந்து அளந்து, புள்ளிகளாக அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்கள்,
மன்னார் வளைகுடாக் கடலோரக் கிராமங்கள்,
இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்கள்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சென்னை.

ஐயா / அம்மா,

வணக்கம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழுள்ள விதிகளின்படி, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. எந்தக் கரையிலிருந்து அளப்பது என்பதில்தான் கடலில் தகராறு வருகிறது.

3 கடல் மைல் என்பது 5.556 கி.மீ. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளோ நிலக்கரையிலிருந்து சராசரியாக 8 கி.மீ. தள்ளிக் கிடக்கின்றன. ஊர்க்கரையிலிருந்து அளந்தால் கோடு பல இடங்களில் தீவுக்கு உள்பக்கமே விழும். தீவின் வெளிப்பக்கப் பாரை (கடலடிப் பாறைத் திட்டை) ஒட்டி மடி (இழுவலை) இழுப்பவர் தான் எல்லைக்கு வெளியே நிற்பதாக வாதாட அது போதும். தீவுக்கரையிலிருந்து அளந்தால் அதே இடம் தடைக்குள் வரும். மீன் முட்டையிட்டு வளரும் பார்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதால், தீவின் கடற்பக்கக் கரையையே தொடக்கமாகக் கொள்ள வேண்டுகிறோம். நீரில் மூழ்கிவிட்ட பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகளும் கணக்கில் சேருமா என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். சரிவு குறைந்த கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்விளிம்பு வெகுவாக மாறுவதால், வற்றுநீர்க் கோட்டை அளவாகக் கொள்ளலாம்.

கோட்டை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாக, டபிள்யூஜிஎஸ் 84 முறையில் (ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் ஆள்கூற்று முறை), பாகை, தசம நிமிடம் என்ற வடிவைக் குறிப்பிட்டுத் தாருங்கள். 9° 05.50' என்றால் 5 நிமிடம் 30 விநாடி; அதை 5 நிமிடம் 50 விநாடி என்று ஜிபிஎஸ்ஸில் ஏற்றினால் 20 விநாடி, அதாவது சுமார் 617 மீட்டர் தவறும். விசைப்படகால் எங்கள் வலை அறுந்தபின் பஞ்சாயத்தில் இந்த 617 மீட்டரைத்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

துறைமுகங்களைப் பற்றியும் ஒன்று. கரையிலுள்ள எந்தத் துறையிலிருந்து புறப்பட்டாலும் விசைப்படகு இந்த 3 மைலைக் கடந்தே ஆக வேண்டும். ஆகவே உள்ளே இருப்பதே குற்றமாகாது. அதை நாங்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு துறைமுக வாயிலிலிருந்தும் ஒரு போக்குவரத்துப் பாதையைக் குறித்து, அதில் மடியும், மடியின் வாயை விரித்துவைக்கும் பலகையும் மேல்தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என விதியுங்கள். மடி இழுக்கும் படகு 2–3 நாட் (மணிக்கு 2–3 கடல் மைல்) வேகத்தில் ஊரும். படகின் இருப்பிடத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் பதிவில் அது தெரியும். இயந்திரக் கோளாறிலும் வேகம் குறையும் என்பதால், வேகத்தை மட்டும் வைத்து அபராதம் போடாமல், ரோந்துப் படகு நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஆண்டுத் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து விசைப்படகுகள் இறங்குமுன் இப்புள்ளிகளை அரசிதழில் வெளியிட்டு, துறைமுக அலுவலகங்களில் வரைபடமாக ஒட்டுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர்கள்