வெளிச்சுவர்ப் பூச்சு: சீமெந்து வாங்குவதற்கு முன் கணக்குப் பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போருக்குப் பின்னர் வன்னியில் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றின் வெளிச்சுவர்கள் இப்போது மறுபூச்சை வேண்டி நிற்கின்றன. 2012 ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பிரதான கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அத்திவாரம் முதல் கூரை வரை அந்தத் தொகைக்குள் அடங்காததால் பலர் நகையை அடகு வைத்தும் கடன்பட்டுமே வீட்டை முடித்தார்கள். வெளிப்பூச்சு, கடைசியில் கையில் மிஞ்சியதைக் கொண்டு செய்த வேலையாகவே பெரும்பாலும் அமைந்தது. அந்தப் பூச்சுத்தான் இன்று உப்புப் பூத்து, வெடித்து, பாளம் பாளமாக விழுகிறது.

கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் காண்பது இதுதான்: மறுபூச்சுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் கடைக்குப் போய்ச் சீமெந்து விலையைக் கேட்கிறார்கள், சுவரை யாரும் கேட்பதில்லை. ஒரு சிறு சுத்தியலால் சுவரை அடிக்கு அடி தட்டிப் பார்த்தால், பிடிப்பு விட்ட இடத்தில் ‘டொக்’ என்ற வெற்றுச் சத்தம் கேட்கும். அந்த இடங்களைச் சோக்கினால் வட்டமிட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால், முழுச்சுவரையும் கொத்த வேண்டுமா, அல்லது பழுதான பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்துப் பூசினால் போதுமா என்பது அரை நாளில் தெரிந்துவிடும். எங்கள் பகுதியில் மாரி மழை வாடைக்காற்றோடு சாய்ந்து வருவதால் வடக்கு, கிழக்குச் சுவர்களே அதிகம் நனைகின்றன. பணம் தட்டுப்பாடாக இருப்பவர்கள் அந்த இரு சுவர்களையும் முதலில் எடுத்துக்கொள்வதே முறை. நடைமுறையிலோ வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வீதிப்பக்கச் சுவருக்குக் கல் பதிக்கவும் மாபிள் ஒட்டவும் போகிறது. கிணற்றடிப் பக்கச் சுவர் நனைந்தபடியே நிற்கிறது.

அளவைப் பற்றி ஓர் உதாரணம் தருகிறேன். 22 அடிக்கு 25 அடி, அதாவது 550 சதுர அடி கொண்ட வீடொன்றின் சுற்றளவு 94 அடி. பத்தடி உயரத்துக்கு 940 சதுர அடி வரும். கதவு யன்னல்களுக்கு ஏறத்தாழ 120 சதுர அடியைக் கழித்து, இரு பக்கத்து முக்கோணச் சுவர்களுக்கு 110 சதுர அடியைக் கூட்டினால் 930 சதுர அடி பூச வேண்டியிருக்கும். எட்டில் ஐந்து அங்குலத் தடிப்பில், ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையாகப் பூசினால் 50 கிலோச் சீமெந்து 9 பையும் மணல் அரைக் கியூபும் (ஒரு கியூப் என்பது 100 கன அடி) கணக்கில் வரும். பழைய சுவர் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் 11 பை, முக்கால் கியூப் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு பை 3,000 ரூபா அளவுக்கு ஏறியபோது கூட இந்தச் சீமெந்துக்கான செலவு 33,000 ரூபா அளவிலேயே இருந்திருக்கும். வீட்டுக்காரரை இடைவழியில் நிறுத்துவது சீமெந்து அன்று. பழைய பூச்சைக் கொத்தி அள்ளும் கூலி, சாரம் கட்டும் தடியும் பலகையும், மேசன் கூலி, பின்னர் பிறைமரும் பெயின்ரும் ஆகிய, எழுதப்படாமல் விடப்பட்ட செலவுகளே. நாட்கூலிக்கா, சதுர அடிக் கணக்குக்கா, முழுக் கொந்தராத்துக்கா என்பதையும், கொத்துவதும் கழிவை அகற்றுவதும் அதற்குள் அடங்குமா என்பதையும் மேசனோடு பேசி ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ள வேண்டும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது கைகாவலாக ஒதுக்கிவிட்டு, அப்படியும் பணம் போதாதென்றால் இந்த வருடம் இரண்டு சுவர், அடுத்த வருடம் இரண்டு சுவர் என்று பிரிக்கலாம். சுவர் பூசுவதற்காக நுண்கடன் எடுக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் பூசுவது பணத்தை இரண்டு தரம் செலவழிப்பதாகும். தாழ்வாரத்திலிருந்து விழும் மழைநீர் மண்ணில் அடித்துத் தெறிப்பதால், சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குச் செம்மண் கறை ஏறியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். கூரைநீரை ஏந்தி இறக்கும் பீலியைப் பொருத்துவதும், சுற்றிவர இரண்டடி அகலத்துக்கு வெளிநோக்கிச் சரிவாகக் கொங்கிரீட் போடுவதும் அந்தச் சுவரைக் காக்கும். அத்திவாரத்தின் மேல் ஈரத்தடை போடாத வீடுகளில் நிலத்தடி ஈரமும் உப்பும் சேர்ந்தே ஏறுகின்றன. அங்கே பூச்சை மண்ணுக்குள் இறக்காமல் நிலமட்டத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும். பூநகரி போன்ற உவர் பகுதிகளில் கலவைக்கும் நனைப்புக்கும் நல்ல தண்ணீரை பவுசரில் எடுப்பதற்கான செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரவில் வந்து இறங்கும் மணல் மலிவாக இருக்கலாம். ஆனால் அது உப்பு மணலா, களி கலந்ததா என்பதை விடிந்த பிறகுதான் பார்க்க முடியும்; வழியில் பொலிஸார் பிடித்தால் கொடுத்த முற்பணமும் திரும்பாது.

காலமும் பட்ஜெட்டில் ஒரு பகுதியே. தைப்பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, மாரி ஈரம் உலராத சுவரில் மார்கழியிலேயே பெயின்ற் அடிப்பது வழக்கமாகிவிட்டது. சித்திரைக்குள் அது கொப்புளித்து உரிகிறது. காலபோக நெல் அறுவடை முடிந்து கையில் காசு வரும் மாசி, பங்குனி மாதங்களில் சுவரும் உலர்ந்திருக்கும் என்பதால் வேலைக்கு அதுவே தகுந்த பருவம். அப்போது மேசன்மாருக்குக் கிராக்கி கூடும். ஆகையால் தையிலேயே சொல்லிவைக்க வேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிய பின் பூசினால் பூச்சு இறுகுவதற்கு முன்பே காய்ந்து மயிர்வெடிப்பு விழும். எப்போது பூசினாலும் ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் சுவரை நனைக்கவும், பெயின்ற் அடிப்பதற்கு நான்கு கிழமையளவு பொறுக்கவும் வேண்டும். நனைப்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கூலியும் செலவுதான்.

இது தொடர்பில் இரண்டு வேண்டுகோள்கள். பிரதேச செயலகங்களிலும் பிரதேச சபைகளிலும் உள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், ஆண்டுதோறும் தை மாதத்தில் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு ஒரு நாள் வந்து, விரும்புகிறவர்களின் சுவரைப் பார்த்து மதிப்பீடு எழுதிக் கொடுக்க ஒழுங்கு செய்யலாம். தங்கள் பத்திரிகையும் மரக்கறி விலைகளைப் போலவே சீமெந்து, மணல், மேசன் கூலி ஆகியவற்றின் விலைகளைக் கிழமைக்கொரு தடவை வெளியிட்டு உதவ வேண்டும். ஏற்றுகூலி இடத்துக்கிடம் மாறுவதால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களுக்குத் தனித்தனியாக வெளியிட்டால் அது பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.