புத்தகம் தப்பா, அப்பா தப்பா?

தண்டையார்பேட்டை,
ஆகஸ்ட் 3

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பரீட்சைத் தாள் திருத்தி முடிக்கவே நேற்றுவரை ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, காசிமேடுவரை நடந்து போய் மீன் வாங்கி வருகிறாள்.

எட்டாம் வகுப்புக்கு ப்ராஜெக்ட் எப்படிச் செய்ய வைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். போன வருஷம்வரை நானும் 'கடல் வளம் பற்றி எழுதி வாருங்கள்' என்றுதான் சொல்லி அனுப்பினேன். தெருமுனை நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாச் சார்ட்டிலும் ஒரே பத்தி. பிள்ளைகள்மேல் தப்பில்லை, கேள்வியே இல்லாமல் பதில் எழுதச் சொன்னால் வேறென்ன செய்வார்கள்?

இந்த வருஷம் முதல் வாரம் முழுக்கக் கேள்விக்கு மட்டும்தான். ஜூனில் பள்ளி திறந்தபோது விசைப்படகுகள் இன்னும் கரையில்தான் கட்டிக் கிடந்தன. படகில் போகிறவர் மகள் ஒருத்தி 'மீன்' என்றாள். மீனில் என்ன என்றேன். 'தடைக்காலம்' என்றாள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக் கூடாத நாட்கள். அதில் உனக்குத் தெரியாதது எது என்று கேட்டு அனுப்பினேன். மறுநாள் வந்து, "தடைக்காலத்துல எங்க தெருவுல வீட்டுச் செலவுக்குக் காசு எங்கிருந்து வருது மிஸ்?" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை கலா.

அப்புறம் நோட்டில் இடப்பக்கம் ஏற்கெனவே தெரிந்தது, வலப்பக்கம் யாரைக் கேட்கலாம் என்று எழுத வைத்தேன். வலை பின்னுகிற பெரியவர், வட்டிக்குக் கொடுக்கிற அக்கா, ஃபைபர் படகுக்காரர் என்று பட்டியல் போட்டாள். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. குறிப்பு எடுக்க ஒரே நிபந்தனை: படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து எழுத வேண்டும். கீழே யார் சொன்னது, எந்தத் தேதி, புத்தகமானால் அச்சான வருஷம்.

அச்சான வருஷம் எதற்கு என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. ஒருநாள் இவள் முகம் சிவக்க வந்து நின்றாள். நூலகப் புத்தகத்தில் தடை 45 நாள், அப்பா சொல்வது 61. "புத்தகம் தப்பா, எங்க அப்பா தப்பா மிஸ்?" நான் பதில் சொல்லவில்லை. வருஷத்தைப் பார் என்றேன். புத்தகம் 2012-இல் அச்சானது. பிறகு அவளே தேடிக் கண்டுபிடித்தாள்: 2017-இலிருந்துதான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று 61 நாளாக்கினார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி. 'அந்தக் கூடுதல் 16 நாளில்தான் அம்மா கம்மலை அடகு வைத்தார்கள்' என்று அவள் கட்டுரையில் ஒரு வரி வந்தது. எந்த நெட் சென்டரில் கிடைக்கும் அந்த வரி?

எழுதுவது கடைசி வேலை, அதற்கு நான்கு நாள் போதும். ஒரு முறை எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டி, அவர் முழித்த இடத்தைத் திருத்த வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை நோட்டுக்கே கொடுத்துவிட்டேன். சார்ட் வேண்டாம் என்றதில் இரண்டு பெற்றோருக்கு வருத்தம்தான்.

நீ ஆரம்பித்ததும் உன் பிள்ளைகளின் கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று இங்கே வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
விஜயா