எக்ஸ்ட்ரா பில்லுக்கு அளவு கேளுங்கள்

ஆசிரியருக்கு,

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை பக்கம் சதுர அடி ரேட் பேசி வீடு கட்டுகிறவர்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் 'எக்ஸ்ட்ரா' தகராறு பெரும்பாலும் தரைக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறது. மணல் பாங்கான மனையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டத் தோண்ட கெட்டி மண் வராது. கூடுதல் ஆழத்துக்குப் பணம் கேட்பது நியாயம்தான். ஆனால் கையெழுத்துக்கு முன்பே மனையில் ஒரு குழி போட்டுப் பார்த்து, குறித்த ஆழத்துக்கு மேல் போனால் கன அடிக்கு என்ன ரேட் என்று எழுதியிருக்க வேண்டும்.

பேஸ்மட்டமும் (மண் மட்டத்திலிருந்து வீட்டுத் தளம் வரையுள்ள உயரம்) இப்படித்தான். ஒப்பந்தத்தில் 2 அடி. மழைத்தண்ணீர் நிற்கும் இடம் என்று 3 அடியாக்கி, ஒரே வரியில் மொத்தத் தொகை எழுதுவார்கள். அந்த வரியை ஏற்காதீர்கள். சுவர்களுக்குள் 850 சதுர அடி என்றால், ஓர் அடி நிரப்ப 850 கன அடி, அதாவது எட்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). தண்ணீர் விட்டு இடித்து இறுக்கும்போது கிராவல் மண் அமுங்கும்; கால் பங்கு கூட்டினாலும் 11 யூனிட்டுக்குள் அடங்கும். பில்லில் 18 யூனிட் என்றால் லாரியைப் பாருங்கள். 'மூணு யூனிட் லோடு' என்கிற டிப்பரின் தொட்டி 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் இருந்தால், விளிம்பு வரை நிரப்பினாலும் 252 கன அடி, இரண்டரை யூனிட்தான். தளம் போட்டபின் அளக்க வழியில்லை. நிரப்பும் முன்பே டேப்பைப் பிடித்துப் படம் எடுத்துவிடுங்கள்.

கம்பிக்கு இன்னும் சுலபம். விட்டத்தை மில்லிமீட்டரில் வைத்து, அதன் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்.எம். கம்பி 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.7 கிலோ.

அடுத்தது உப்பு. கடல்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தர விதி கேட்பது எம்30 கலவையும் (எம் எண் கூடினால் கான்கிரீட்டின் வலுவும் கூடும்) 45 மி.மீ. கவரும் (கம்பிக்கு வெளியே மூடும் கான்கிரீட் கனம்). எம்20 போட்டு ரேட்டைக் குறைத்துக் காட்டி, பாதியில் 'இங்கே எம்30 தான் சரி' என்று கூடுதல் கேட்பது நம் கரையோரத்துக்கே உரிய வித்தை. கட்டுமானத் தண்ணீரும் அப்படியே: கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீரை முதலிலேயே சோதித்து, லாரித் தண்ணீர் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். கியூரிங்குக்கு, அதாவது போட்ட கான்கிரீட்டை நனைத்து வைக்க, விடும் தண்ணீரையும் மறக்காதீர்கள்.

'ஜி.எஸ்.டி. தனி' என்றால் 15 இலக்க எண்ணுடன் பில் கேளுங்கள். பதிவில்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே முடியாது. சொந்தத்துக்குக் கட்டும் தனி வீட்டின் வெறும் கூலி கான்ட்ராக்டுக்கு வரியே இல்லை.

வீட்டுக்காரர் பக்கமும் தப்பு உண்டு. வளைகுடாவிலிருந்து போனிலேயே 'அந்த ஜன்னலைத் தள்ளிவிடுங்கள்' என்று சொல்லிவிட்டு, எழுத்தில் இல்லை என்று பிறகு மறுப்பது நிற்காது. இலவசமாக அல்லாமல் செய்த வேலையின் பலனை அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 70ஆவது பிரிவு. அதனால் மாற்றம் சொன்ன அன்றே தொகையை வாட்ஸ்அப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பில் வந்ததும் சண்டை போட்டு வேலையை நிறுத்த வேண்டாம். ஒப்புக்கொண்ட தொகையை வங்கி வழியே கொடுத்து, மீதிக்கு அளவு விவரம் கேட்டு சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். வேறொரு பொறியாளரை வைத்துப் பூச்சுக்கு முன்பே அளந்துவிடுவது நல்லது.

அதற்கும் மசியாவிட்டால், வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915க்குப் போன் செய்து பார்க்கலாம்.

கட்டடப் பொறியாளர்கள் சிலர்,
உச்சிப்புளி